நூறு வாட்ஸும் ஒரு எர்த் கம்பியும்

"மாமா, ஒரு சந்தேகங்க. முப்பது வாட்ஸ் எடுக்கறதுங்களா, நூறு வாட்ஸ் எடுக்கறதுங்களா?"

அக்கா பையன். வெள்ளகோவிலில் இருந்து போன். நான் ஏதோ பல்பு விஷயம் என்று நினைத்துக்கொண்டு, "எந்த ரூமுக்கு?" என்றேன். அந்தப் பக்கம் சிரித்துவிட்டான். பல்பு இல்லையாம். கிட்டார் ஆம்ப். அதாவது ஆம்ப்ளிஃபையர்.

வெள்ளகோவிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோவையில் இருந்து திருச்சிக்குப் போகிற நெடுஞ்சாலையில் காங்கேயத்தைத் தாண்டினால் வரும். முருங்கைக்காய் சந்தை, எண்ணெய் மில், நூல் மில், தெருவுக்குத் தெரு விசைத்தறி. அக்கா வீட்டிலும் தறிதான். பையன் பகலில் தறி ஓட்டுவான். ராத்திரியானால் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார். இரண்டு வருஷமாகச் சேர்த்த நாற்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. இதுநாள் வரை மைக் செட்காரர் கொடுத்த ஒயரில் கிட்டாரைச் சொருகி வாசித்துக்கொண்டிருந்தவனுக்கு, சொந்தமாக ஒரு பெட்டி வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

பி.காம். படித்த மாமா கணக்காகச் சொல்வார் என்று நினைத்திருக்கிறான். கிட்டாருக்கு எத்தனை கம்பி என்று கேட்டால் எண்ணிப் பார்த்துச் சொல்கிற ஆள் நான். ஆனாலும் மருமகன் கேட்டுவிட்டானே. இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டியதில் முதலில் சிக்கிய ஆளே நம்ம ஆள்.

லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாக்காரர். உலகத்தில் பாதி கிட்டார்காரர்கள் இவர் பெயரைக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இவர் கல்லூரியில் படித்தது என்ன தெரியுமா? கணக்கியல். பார்த்த வேலை கணக்குப்பிள்ளை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அந்த வேலையும் போயிற்று. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் என்கிற சின்ன ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ரேடியோவோடு கூடவே உள்ளூர் வாத்தியக்காரர்கள் கெட்டுப்போன ஆம்ப்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரித்துப் பார்த்தவருக்கு, இதைவிட நன்றாக நானே செய்யலாமே என்று தோன்றியது. செய்தார். கடைசிவரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. (இதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!)

கொஞ்சம் பின்னால் போகலாம். கிட்டாருக்கு எதற்கு ஆம்ப்?

கிட்டார் ஒரு கூச்ச சுபாவமுள்ள வாத்தியம். ஒரு அறையில் நாலு பேருக்கு வாசித்தால் அழகு. 1920-களின் அமெரிக்க நடனக் கூடங்களில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்ஸும் முழங்கும்போது, ஓரத்தில் உட்கார்ந்து கிட்டார் மீட்டுகிறவர் சும்மா கையை ஆட்டுகிற மாதிரிதான் இருக்கும். 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பௌசாம் என்கிற வாத்தியக்காரர், கம்பிக்குக் கீழே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் வைத்து, அதிர்வை மின்சாரமாக மாற்றினார். ரிக்கன்பேக்கர் கம்பெனி அதை விற்றது. பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் பெயரே 'ஃப்ரையிங் பேன்'. அந்தச் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கரைத் தள்ளுவதற்கு ஒரு பெட்டி வேண்டுமே? அதுதான் ஆம்ப்.

ஆக, எலெக்ட்ரிக் கிட்டார் என்பது பாதி வாத்தியம். மீதிப் பாதி அந்தப் பெட்டி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இந்த நேரத்தில் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? வெள்ளகோவிலில் இருந்து முப்பது கிலோமீட்டருக்குள் கொடுமுடி. அங்கே 1908-ல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள், மைக் என்கிற வஸ்துவே இல்லாத நாடக மேடைகளில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்கும் கேட்கும்படி பாடிக்கொண்டிருந்தார். அன்றைய ஸ்பெஷல் நாடகங்களில் பாட வேண்டும் என்றால் முதல் தகுதி எட்டூருக்குக் கேட்கும் குரல்தான். நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று உச்சத்தில் எடுப்பார்கள். அழகுக்காக மட்டும் அல்ல. கூட்டத்தின் சத்தத்தைத் தாண்ட வேண்டுமே! அந்தக் குரலுக்குத்தான் 'நந்தனார்' படத்தில் நடிக்க ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். 1935-ல் ஒரு லட்சம். இன்றைய மதிப்பைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும், விடுங்கள்.

பெட்டி வந்தாலும் சொருகுவதற்கு மின்சாரம் வேண்டும். கொங்கு நாட்டுக்கு அது நீலகிரியில் இருந்து இறங்கியது. 1932-ல் பைக்காரா புனல் மின் நிலையம். 1937-ல் மேட்டூர். மில்களுக்காக வந்த மின்சாரம்தான். ஆனால் கம்பி வந்த ஊருக்கெல்லாம் கூடவே மைக் செட்டும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் 1915-லேயே மேக்னவாக்ஸ் கம்பெனிக்காரர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பெரும் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வைத்துக் காட்டிவிட்டார்கள். இங்கே அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1940-ல் ஆரம்பித்த டெல்லி அகுஜா கம்பெனியின் பெயரைச் சொன்னால் போதும், எந்த மைக் செட்காரரும் முகம் மலர்வார். மைக் செட் மட்டும் இல்லை என்றால் திராவிட இயக்கத்தின் மேடைத் தமிழ் என்ன ஆகியிருக்கும் என்று தனியாக ஒரு புத்தகமே எழுதலாம்.

மைக் வந்ததும் கத்த வேண்டிய அவசியம் போயிற்று. பாட்டில் சுருதி இறங்கியது. ரகசியம் பேசுகிற மாதிரிகூடப் பாடலாம் என்று ஆனது. ஆனால் அந்தப் புனல் ஸ்பீக்கர் இருக்கிறதே, அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மனிதக் குரலை ஒரு மைல் தூரத்துக்கு எறியும். அடித்தள நாதத்தை விழுங்கிவிடும். எழுபது, எண்பதுகளில் நம் ஊர்த் திருவிழாக்களில் ஆர்க்கெஸ்ட்ரா கேட்டவர்கள் யோசித்துப் பாருங்கள். பேஸ் கிட்டார்காரர் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருப்பார். மேடைக்கு எதிரில் நின்றால்கூட 'டொக் டொக்' என்பதற்கு மேல் ஒன்றும் வராது. தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வு எழுதிய இளையராஜா, ரெக்கார்டிங் தியேட்டரில் பேஸ் கிட்டாரை வைத்து என்னென்னவோ ஜாலம் செய்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஜாலம் ஊர் மேடைக்கு வந்து சேரவே இல்லை. வழியில் புனல் வாங்கி வைத்துக்கொண்டது.

சரி, லியோவிடம் திரும்புவோம்.

1950-களில் அவர் 'பேஸ்மேன்' என்று ஒரு ஆம்ப் செய்தார். பேஸ் கிட்டாருக்காகச் செய்தது. லீட் கிட்டார்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் என்று ஒரு டிரம்ஸ் வாத்தியார் வாத்தியக் கடை வைத்திருந்தார். அமெரிக்கச் சரக்கு இங்கிலாந்தில் யானை விலை. நாமே செய்தால் என்ன என்று பேஸ்மேனைப் பிரித்துப் பார்த்து, 1962 வாக்கில் தன் ஆட்களை வைத்து ஒன்றைச் செய்யவைத்தார். கிடைத்த வால்வும் ஸ்பீக்கரும் வேறு. அதனால் சத்தமும் வேறு மாதிரி வந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் முரட்டுத்தனம். நம் திருப்பூர்க்காரர்கள் வெளிநாட்டு மெஷினைப் பிரித்துப் பார்த்துப் பட்டறையில் பாகம் செய்கிற அதே கதைதான்.

அப்போதுதான் ஹூ என்கிற குழுவின் பீட் டௌன்ஷெண்ட் வந்து, இன்னும் சத்தம் வேண்டும் என்று நின்றார். 1965-ல் நூறு வாட்ஸ் பிறந்தது. அதற்கு எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே பெட்டியும் கேட்டார். செய்து கொடுத்தார்கள். பெட்டியைத் தூக்குகிற ஆட்கள் முதுகு ஒடிந்து முறையிட, அதை இரண்டாக வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இன்றைக்கும் ராக் மேடைகளின் பின்னணியில் ஆள் உயரக் கறுப்புச் சுவர் நிற்கிறது பாருங்கள், அது இப்படி வந்ததுதான். கலை உணர்வு ஒன்றும் இல்லை. முதுகுவலி.

அதே 1965 ஆகஸ்ட் 15. நியூயார்க்கின் ஷே மைதானம். பீட்டில்ஸ். வந்தவர்கள் 55,600 பேர். வாக்ஸ் கம்பெனியின் நூறு வாட்ஸ் ஆம்ப்களோடு மேடை ஏறினார்கள். என்ன ஆச்சு? ஒன்றும் கேட்கவில்லை. ரசிகைகளின் அலறலில் எல்லாம் முழுகிப்போனது. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காமல் நாலு பேரும் வாசித்துவிட்டு இறங்கினார்கள்.

அலறல் மட்டும் காரணம் இல்லை. இங்கேதான் என் மருமகனின் கேள்வி வருகிறது. கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், வட்டிக் கணக்கைவிட எளிது.

வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. வெறும் 3 டெசிபல்தான் ஏறும். 'கொஞ்சம் கூடியிருக்கிறதோ?' என்று சந்தேகம் வருகிற அளவு. காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டும் என்றால் வாட்ஸ் பத்து மடங்கு ஆக வேண்டும். முப்பதுக்கும் நூறுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 5 டெசிபல். விலையோ அப்படி இல்லை. மறுபக்கம், திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் இறங்கிவிடும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டெசிபல் தரும் சாதாரண பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரை முப்பது வாட்ஸில் முடுக்கினால், ஒரு மீட்டரில் 112 வரும். பக்கத்தில் நின்றால் காது போய்விடும். 32 மீட்டர் தள்ளிப் போனால் 82. திருவிழாக் கூட்டத்தில் பலூன்காரர் பீப்பி ஊதினாலே அது முழுகிவிடும். நூறு வாட்ஸ் போட்டாலும் 87. அவ்வளவுதான்.

அதாவது, ஆம்பை வைத்து மைதானத்தை நிரப்பவே முடியாது. எத்தனை வாட்ஸ் வாங்கினாலும். வெள்ளைக்காரர்களுக்கே இது புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. 1967-ல் சார்லி வாட்கின்ஸ் என்பவர் விண்ட்சர் திருவிழாவில் ஆயிரம் வாட்ஸில் ஒரு ஒலிபெருக்கி அமைப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதிலிருந்து வழக்கம் மாறியது. மைதானத்துக்குச் சத்தம் போடுவது மைக் செட்டின் வேலை. கிட்டார் ஆம்பின் வேலை, மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்பதும், அந்த நாதத்துக்கு ஒரு குணம் கொடுப்பதும்தான். ஆம்புக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து மிக்சருக்கு அனுப்பிவிடுவார்கள். நம் ஊர் மைக் செட்காரர் ஒரு விதத்தில் ஆரம்பத்திலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறார்! எல்லாவற்றையும் தன் மிக்சருக்குள் வாங்கிக்கொண்டார். என்ன, கிட்டாரை நேராகச் சொருகியதால் குணம் போய்விட்டது. பாதி வாத்தியத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி. சத்தம் தகரத்தில் ஆணி கீறுவது போல இருக்கும்.

குணத்துக்காக ஆம்பைத் தேடியவர்கள் ராக் ஆட்கள் மட்டும் இல்லை. 1981-ல் சென்னை டிசம்பர் சீசனில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மேண்டலினோடு மேடை ஏறினான். யு.ஸ்ரீனிவாஸ். ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்தவர். சாதாரண மேண்டலினில் கம்பியைத் தட்டிய உடனே நாதம் செத்துவிடும். கமகத்துக்கு இழுத்துக்கொண்டு போக நாதம் மிச்சம் இருக்காது. அதனால் அவர் எடுத்துக்கொண்டது எலெக்ட்ரிக் மேண்டலின். இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒரு கம்பியும் சேர்த்தார். முகம் சுளித்தவர்கள் உண்டு. மின்சாரத்தில் கர்னாடக சங்கீதமா என்று. பையன் வாசித்தான், வாயை மூடிக்கொண்டார்கள். அவருக்கு ஆம்ப் சத்தத்துக்காக அல்ல. நாதம் சாகாமல் இருப்பதற்காக. எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்னாடகம் வாசித்த சுகுமார் பிரசாத், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு படித்துவிட்டுக் கிட்டாரோடு கிளம்பிய பிரசன்னா எல்லோரும் அதே சாலையில் வந்தவர்கள்தான்.

இனி வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். வால்வா, டிரான்சிஸ்டரா? வால்வு ஆம்ப் என்பது கோயில் யானை மாதிரி. அழகு, கம்பீரம், ஆனால் கட்டித் தீனி போட வேண்டும். உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். டெம்போவில் குலுங்கிக்கொண்டு போகும்போது வால்வு சேதமானால், ராத்திரி பத்து மணிக்கு மூலனூரில் எங்கே போய்த் தேடுவது? டிரான்சிஸ்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஜப்பானின் ரோலண்ட் 1975-ல் கொண்டுவந்த ஜேசி-120 இன்றுவரை விற்கிறது. (அதன் எடை 28 கிலோ என்பது வேறு விஷயம்.) 1998-ல் லைன் 6 கம்பெனி, பழைய வால்வு ஆம்ப்களின் குணத்தையெல்லாம் ஒரு சிவப்பு நிறச் சின்னப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் கணக்காக அடைத்துக் காட்டியது. 2016-ல் பாஸ் கொண்டுவந்த கட்டானா மாதிரியான ஆம்ப்கள் அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகள். ஐம்பது வாட்ஸ், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், மிக்சருக்கு நேராக அனுப்பப் பின்னால் ஒரு துளை. ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு பாட்டுக்கு ஒரு குணம் வேண்டும். ராஜா பாட்டுக்கு ஒன்று, ரஹ்மான் பாட்டுக்கு ஒன்று. அதற்கு இதுதான் தோது.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர் மலிவாகக் கொண்டுவருகிறாரே என்று தலையை ஆட்டிவிடாதீர்கள். அங்கே 120 வோல்ட். இங்கே 230. எனக்குத் தெரிந்த ஒரு எக்ஸ்போர்ட்டர் வீட்டில் அப்படி வந்த ஆம்பை நேராகச் சொருகினார்கள். ஒரே ஒரு ஸ்வரம் வந்தது, பிறகு புகை வந்தது.

கணக்குப்பிள்ளையாக ஒரு வரி: கச்சேரிக்கு இரண்டாயிரம் சம்பளம் வாங்குகிறவன் நாற்பதாயிரத்தையும் பெட்டியில் போட்டால், இருபது கச்சேரி ஓசியில் வாசிக்க வேண்டும். நம் பக்கம் மாரியம்மன் நோன்பு சீசன் முடிந்தால் அடுத்த தை வரை தறிதான் சோறு. பாதிப் பணத்தில் பெட்டி, மிச்சத்தில் கொஞ்சம் ஒயர், கொஞ்சம் கைக்காசு. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சரிங்க மாமா, சரிங்க மாமா என்று கேட்டுக்கொண்டே வந்தவன் கடைசியில் ஒன்று கேட்டான்.

"வாசிக்கறப்ப மைக்ல வாய் பட்டா சுரீர்ங்குதுங்க. ஆம்ப் வாங்கிட்டா அது சரியாயிருங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் முந்தின நாள்தான் லெஸ் ஹார்வியைப் பற்றிப் படித்திருந்தேன். ஸ்டோன் தி க்ரோஸ் என்கிற ஸ்காட்லாந்துக் குழுவின் கிட்டார்காரர். 1972 மே மாதம், வேல்ஸில் ஸ்வான்ஸி நகரம். மேடையில் நின்றபடி மைக்கைத் தொட்டார். மைக்குக்கு எர்த் இல்லை. அங்கேயே விழுந்தார். வயது 27. நாலு வருஷம் கழித்து, 1976 மே, யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், தன் வீட்டிலேயே எர்த் சரியில்லாத கிட்டாரை வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 33.

எப்படி நடக்கிறது? கிட்டார் கம்பி, ஒயர் வழியாக ஆம்பின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் வலை மிக்சரின் உடம்போடு. ஆம்பை மேடையில் ஒரு பிளக்கில் சொருகியிருப்பார்கள். மிக்சர் ஐம்பது அடி தள்ளி வேறு போர்டில், வேறு பேஸில். இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல் உள்ளே கசிவும் இருந்தால், கை ஒரு பக்கம், உதடு மறு பக்கம், நடுவில் நீங்கள்தான் ஒயர். வியர்வை வேறு. எர்த் ஏன் இல்லாமல் போகிறது? அதுதான் கொடுமை. இரண்டு இடத்தில் எர்த் இருந்தால் 'உம்' என்று ஒரு இரைச்சல் வரும். அதைப் போக்க மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிடுவார்கள். இரைச்சல் போய்விடும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். முறையான வழி, இரண்டையும் ஒரே போர்டில் இருந்து எடுப்பது. இரைச்சலை அறுக்க நடுவில் டிஐ பாக்ஸ் வைப்பது. போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. ஒன்று. இதற்கெல்லாம் ஆகிற செலவு ஒரு கச்சேரிச் சம்பளத்தில் அடங்கிவிடும்.

"முதல்ல டெஸ்டர் வாங்கு. பெட்டி அப்புறம்" என்றேன்.

இரண்டையும் வாங்கினான். ஐம்பது வாட்ஸ், பழசு, நல்ல நிலையில். சித்திரையில் பக்கத்துக் கிராமத்து நோன்பில் முதல் கச்சேரி. நானும் போயிருந்தேன். ஜெனரேட்டர் ஓட, ஆம்பைப் போட்டு, கிட்டாரைத் தோளில் மாட்டும் முன்பே பையன் டெஸ்டரை எடுத்து மைக் வலையில் வைத்தான்.

"ஏந்தம்பி, ஒயர்மேன் வேலையும் பாக்கறயா?" என்று மைக் செட்காரர் சிரித்தார்.

டெஸ்டர் எரிந்தது.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றும் பேசவில்லை. வண்டியில் இருந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்துவந்து மேடைக்குப் பின்னால் மண்ணில் அடித்தார். குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றினார். ஜெனரேட்டரின் உடம்பையும் எர்த் முனையையும் அதோடு கட்டினார். மிக்சரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பெரிய பின் இல்லை. வேறு பிளக் மாட்டினார். ஆம்ப் ஒயரையும் அதே போர்டுக்கு மாற்றிவிட்டு, அவரே டெஸ்டரைக் கேட்டு வாங்கி, மைக்கில் ஒரு தடவை, கிட்டார் கம்பியில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். எரியவில்லை.

கச்சேரி முக்கால் மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தது. ஊர்க் கவுண்டர் ரொம்பவே கோபித்துக்கொண்டார்.